செய்தவர்: தெரியவில்லை

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் இருமலும் ஒருவரையொருவர் விட்டுப் பிரியாமல் இங்கே நன்றாக இருக்கிறோம். உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? அத்தான் மூட்டை தூக்குவதைக் குறைத்தாரா, இல்லை இன்னமும் இளவட்டம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாரா?

போனிலேயே கேட்டிருப்பேன். "போன்ல பேசினா நீ ம் கொட்டியே தப்பிச்சிடுவே, எழுது" என்று நீதான் சட்டம் போட்டிருக்கிறாயே.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அருங்காட்சியகத்தில் புதிதாக ஒரு கூடம் திறக்கிறார்கள். ராஜா உட்கார்ந்த நாற்காலி, ராணி போட்ட நகை எதுவும் அதில் கிடையாது. ஜனங்கள் தினமும் புழங்கிய, கையால் செய்த சாமான்கள் மட்டும்தான். கண்ணாடிப் பெட்டிகளை அமைப்பது என் வேலை. கூடத்துக்குப் பொறுப்பான அம்மாவை நாங்கள் பெரிய மேடம் என்போம். அவர் எங்களைக் கூப்பிட்டு, "தெரிஞ்ச இடத்துல நல்லா உழைச்ச பழைய சாமான் இருந்தா சொல்லுங்கப்பா" என்றார். எனக்கு உடனே உன் பரணில் கிடக்கும் அந்த ஆஸ்பத்திரிக் கூடைதான் ஞாபகம் வந்தது. எத்தனை வருஷம் அழுக்குத் துணி சுமந்தது அது! ஆஸ்பத்திரிக்காரர்கள் சக்கரம் வைத்த பெட்டிக்கு மாறியபோது நீ சண்டை போட்டுத் திரும்ப வாங்கி வந்தாயே, அதுதான்.

ஒரு பிரம்புப் பட்டறையில் இருக்கிறது என்று மட்டும் மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். அது என் அக்காவின் பட்டறை, அதைப் பின்னியது என் அக்கா என்பதைத் திறப்பன்று சொல்லி அசத்தலாம் என்று வைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று. அப்படியே அனுப்பு. தூசிகூடத் தட்ட வேண்டாம். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கும். அதில் உன் முழுப்பெயரும் அப்பாவின் முதலெழுத்தும் வரும். என் கையாலேயே ஒட்டுவேன்.

பதில் சீக்கிரம் போடு. கையை வெந்நீரில் ஊறவைக்காமல் வேலையில் இறங்காதே.

உன் தம்பி

•

பிப்ரவரி 2

அடேய் இடக்கையா,

இங்கே எல்லாரும் உயிரோடு, ஆளுக்கொரு சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். நலம் என்பது அதுதானே. மணிக்கட்டு வலி என்னைக் கேட்டு வருவதும் இல்லை, கேட்டுப் போவதும் இல்லை. நீ இருமலுக்கு மருந்து சாப்பிடு, கடிதத்தில் அதை வைத்து வேடிக்கை காட்டாதே.

கூடையை அத்தானின் வண்டியில் ஏற்றியாயிற்று. இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும்.

"அப்படியே அனுப்பு" என்று எழுதியிருந்தாய். எப்படியடா அனுப்புவேன்? பரணிலிருந்து இறக்கிப் பார்த்தால் அடி முழுக்கப் போயிருந்தது. உன் தலையை உள்ளே விட்டால் அந்தப் பக்கம் வெளியே வந்துவிடும். பொத்தல் கூடை அடுத்த ஆள் கண்ணில் படுவதற்குள் பின்னி முடிக்க வேண்டும் என்பது இந்தப் பட்டறையின் சட்டம். உனக்கு மறந்துபோனாலும் எனக்கு மறக்கவில்லை. அப்பா கூடையைக் கொண்டுவந்தவர் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிப்பதற்குள் கவிழ்த்துப் போட்டு வேலையை ஆரம்பித்துவிடுவார். ஊரே வந்து பார்க்கிற இடத்துக்கு நான் ஓட்டைக் கூடையை அனுப்பினால் என் கையை வெட்டிப் போடத்தான் வேண்டும்.

அத்தான்கூடச் சொன்னார், "வேணாம்னு எழுதியிருக்கானே" என்று. "அவனுக்குக் கூச்சம். நமக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு எழுதியிருப்பான்" என்றேன்.

பட்டறை ஆட்களிடம் கொடுக்கவில்லை. ஹோட்டல் ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது, இருந்தாலும் நானே உட்கார்ந்தேன். பழைய அடியை அறுத்து அடுப்பில் போட்டுவிட்டு, நல்ல பிரம்பாகப் பொறுக்கி, ஊறவைத்துப் பிளந்து, முதலிலிருந்து பின்னினேன். மணிக்கட்டு ஓலமிட்டது. போடி என்று விட்டுவிட்டேன். அப்புறம் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, வார்னிஷ் இரண்டு கோட்டிங். ஆஸ்பத்திரிக்குப் போனபோதுகூட அந்தக் கூடை இவ்வளவு அழகாக இல்லை.

வழியில் ஏதாவது நுனி நீட்டிக்கொண்டால் தயவுசெய்து நீ கத்தியை எடுக்காதே. நீ வெட்டினால் நுனியெல்லாம் எதிர்ப்பக்கம் சாயும். அப்பா தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் தள்ளுவார், நான் திரும்பச் சீவி உட்கார வைப்பேன். நீ கண்ணாடிப் பெட்டி வேலைக்குப் போனாய், பட்டறை பிழைத்தது.

சீட்டில் அப்பாவின் முதலெழுத்தை மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

•

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலமும் அத்தான் நலமும் அறிய ஆசை.

கூடை வந்து சேர்ந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. இந்த மாத நடுவில் திறப்பு. வேலை மிகுதி, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். தப்பாக நினைக்காதே.

மணிக்கட்டைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

•

மார்ச் 14

இடக்கையா,

நாங்கள் நலம். நீ நலம் என்று எழுதியிருக்கிறாய், சரி. ஆனால் இருமலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீ இருமலைப் பற்றி எழுதவில்லை என்றால் வேறு ஏதோ இருக்கிறது. மேலதிகாரி திட்டினாரா? திட்டினால் வாங்கிக்கொள், பதில் பேசாதே. உன் வாய் உன்னைச் சும்மா விடாது.

ஒரு மாதம் காக்கவைத்துவிட்டு "எல்லாருக்கும் பிடித்திருந்தது" என்று ஒரே வரியா? யாருக்குப் பிடித்தது? என்ன சொன்னார்கள்? அடியைக் கவிழ்த்துப் பார்த்தார்களா? அந்த அடியில் ஒரு நுனியைக்கூட யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவையும் உள்ளே செருகியிருக்கிறேன்.

இங்கே நிலைமை கைமீறிவிட்டது. நான் பக்கத்துக் கடைத் தையற்காரியிடம் மட்டும்தான் சொன்னேன். அவளிடம் சொன்னால் ரேடியோவில் சொன்னமாதிரி. இப்போது காய்கறிக்காரர் முதல் எதிர்வீட்டு வாத்தியார் வரை எல்லாரும், "எப்பப் போறோம்?" என்று கேட்கிறார்கள். எப்பப் போறீங்க இல்லையாம், எப்பப் போறோம்! அத்தானின் வண்டியில் பெஞ்சு கட்டிக் கூட்டிக்கொண்டு வருவதாகத் திட்டம். தையற்காரி புதிதாக ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கே. "உன் பேரு பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கணும்" என்றாள். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உன்னிடம் சொல்வதற்கென்ன, நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை கூடை இந்தக் கையிலிருந்து போயிருக்கிறது! ஒன்றின் மேலாவது என் பெயரை யாராவது படித்திருக்கிறார்களா?

எந்தத் தேதிக்கு வரலாம் என்று எழுது. அதுவரைக்கும் ஒரு போட்டோ அனுப்பு. சீட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்பு.

உன் அக்கா

•

மார்ச் 20

அன்புள்ள அத்தானுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பாமல் உங்கள் வண்டி ஸ்டாண்டு முகவரிக்கு அனுப்புகிறேன். ஏன் என்று படித்தால் புரியும். அக்காவிடம் காட்டாதீர்கள்.

கூடம் திறந்துவிட்டார்கள். அக்காவின் கூடை உள்ளே இருக்கிறது, ஆனால் அடி இல்லாமல் இருக்கிறது.

இங்கே வழக்கம் இதுதான். ஒரு சாமான் புழங்கிப் புழங்கித் தேய்ந்தால் அந்தத் தேய்மானம்தான் இவர்களுக்குப் பொக்கிஷம். பிற்பாடு யாராவது ஒட்டுவேலை செய்திருந்தால் அதைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். கூடையைப் பார்த்ததும் மேடம், "அடி புதுசா, பளபளன்னு இருக்கே. இப்படி இருந்தா இது கீழ கடையில விக்கிற கூடை. பழசு தெரியணும்னா இதை எடுத்துடணும்" என்றார். எடுக்கிற வேலை என்னுடையது. எடுத்தேன். அக்கா பின்னிய அடியை நானே சுற்றிலும் அறுத்தேன். அறுத்த இடம் புதிதாகத் தெரிந்ததால், நுனிகளை உப்புத்தாளால் தேய்த்து, டீத்தண்ணீர் தொட்டுப் பழுப்பாக்கினேன். இப்போது பார்த்தால் ஏதோ காலம் காலமாகப் பிய்ந்துபோனதுபோல இருக்கிறது. விளக்கு நேராக அந்த ஓட்டையில்தான் விழுகிறது.

இதற்குப் பக்கத்தில் அக்காவின் பெயரை எப்படிப் போடுவது, சொல்லுங்கள்? ஓட்டைக் கூடையோடு அப்பாவின் முதலெழுத்தா? தெரு ஜனம் வந்து பார்த்தால் அவள் தாங்குவாளா? அதனால் சீட்டில் "செய்தவர்: தெரியவில்லை" என்று வந்தபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். பெயர் இல்லாவிட்டால் அவமானமும் இல்லை என்று தோன்றியது.

எப்படியாவது அவர்கள் வரவைத் தள்ளிப்போடுங்கள், அத்தான். வண்டி பழுது, டயர் பஞ்சர், எதையாவது சொல்லுங்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

உங்கள் மச்சான்

•

ஏப்ரல் 4

அன்பு மச்சானுக்கு,

முழங்கால் என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது, மற்றபடி சுகம். உன் கடிதத்தை ஸ்டாண்டில் வைத்துப் படித்தேன். இரண்டாவது தடவை படிக்கப் பயந்து மடித்து வண்டி சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது வண்டியில் உட்காரும்போதெல்லாம் முள்ளின்மேல் உட்கார்ந்தமாதிரி இருக்கிறது.

வண்டி ரிப்பேர் என்று சொன்னேன். "நேத்துதானே ஹோட்டலுக்கு லோடு அடிச்சீங்க?" என்றாள். எனக்குப் பொய் வராது, இருமல்தான் வரும். உன் இருமல் எனக்குத் தொற்றிவிட்டது என்று வைத்துக்கொள். பெஞ்சு கட்ட வேண்டிய பலகையை மட்டும் தச்சரிடம் கொடுத்து, மெதுவாகச் செய்யப்பா என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனுஷனை மெதுவாகச் செய்யச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் மச்சான், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பிற்பாடு யாரோ செய்த ஒட்டுவேலையை எடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். இது யாரோ செய்தது இல்லையே. பின்னினவளே திரும்பப் பின்னினது. அதை நீ அந்த அம்மாவிடம் சொன்னாயா? சொல்லியும் கேட்கவில்லையா? உன் கடிதத்தைத் தேடித் தேடிப் பார்த்தேன், அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அவள் அந்த அடியைப் பின்னிய நாட்களில் கையில் துணி சுற்றிக்கொண்டுதான் வேலை செய்தாள். சோறு பிசையக்கூட இடக்கையைத்தான் வைத்துக்கொண்டாள். உன்னைப்போல ஆகிவிட்டேன் பார் என்று சிரித்தாள். நான் இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தாள்.

இருமலைக் கவனி. பதில் போட்டால் ஸ்டாண்டுக்கே போடு.

அத்தான்

•

ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம், இருமலும் நலம். நீ கோபமாக இருப்பாய் என்று தெரியும்.

போட்டோ அனுப்பியிருக்கிறேன். மூடியும் கைப்பிடியும் எவ்வளவு நன்றாக விழுந்திருக்கின்றன பார். கண்ணாடி பளிச்சிடுவதால் கீழ்ப்பக்கம் சரியாக வரவில்லை. சீட்டில், "துணிக்கூடை. பிரம்பு. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பல ஆண்டுகள் பயன்பாட்டில் இருந்தது" என்று எழுதியிருக்கிறது. பெரிய எழுத்தில், அழகான தாளில்.

இப்போது கூடத்தில் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். வாசம் குடலைப் பிடுங்குகிறது. கொஞ்ச நாள் கழித்து வரலாம். நானே எழுதுகிறேன். தையற்காரி அக்காவிடம் ரவிக்கையைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்.

உன் தம்பி

•

ஜூன் 9

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம்.

பிரம்புக் கட்டு எடுக்க வந்த லாரியில் போன வாரம் நான் அங்கே வந்தேன். அத்தானிடம்கூடச் சொல்லவில்லை. நீ அனுப்பிய போட்டோவில் கூடை இருந்தது, சீட்டில் பாதிதான் உன் கடிதத்தில் இருந்தது. மீதிப் பாதியைப் படித்துவிட்டு வரலாம் என்று வந்தேன். மற்றவர்களைப் போலவே வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினேன். சுவரில் புது வண்ணம் எதுவும் இல்லை.

கூடையைப் படுக்கவைத்திருக்கிறீர்கள். ஓட்டையை ஜனங்கள் பக்கம் திருப்பி, அதற்குள் விளக்கைப் போட்டு. நான் பக்கத்தில் போனதும் காவலாள், "கண்ணாடியத் தொடாதீங்கம்மா" என்றான். நான் தொடவில்லை. கை தானாகப் போயிருக்கிறது.

ஒரு பெண்மணி சின்னப் பெண்ணோடு வந்தாள். அந்தக் குழந்தை, "ஓட்டையா இருக்கே, இதை ஏம்மா வெச்சிருக்காங்க?" என்று கேட்டது. "பழசு கண்ணு. பழசுன்னா மதிப்பு" என்றாள். பிறகு சீட்டை வாய்விட்டுப் படித்தாள். நீண்ட காலப் பயன்பாட்டில் அடிப்பாகம் சிதைந்துள்ளது. செய்தவர்: தெரியவில்லை. படித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "யாரு செஞ்சதுன்னே தெரியலையாம். பாவம், இல்லீங்க?" என்றாள்.

"ஆமாங்க, பாவம்தான்" என்றேன்.

அவர்கள் போன பிறகு குனிந்து பார்த்தேன். எல்லாவற்றையும் தேய்த்துப் பழசாக்கியிருக்கிறாய், கைப்பிடிக்குக் கீழே மட்டும் நாலைந்து நுனியை விட்டுவிட்டாய். எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. செய்தவரைத்தான் உங்களுக்குத் தெரியவில்லை. வெட்டியவரை எனக்குத் தெரியும்.

அப்படியே அனுப்பு என்று நீ எழுதினாய், நான் கேட்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பியிருக்கலாமே? அக்கா, உன் கூடையை இவங்க வேணாங்கறாங்க என்று எழுதியிருந்தால் ரெண்டு நாள் திட்டியிருப்பேன், மூன்றாவது நாள் அதில் துணி போட்டு வைத்திருப்பேன்.

உன் அறை எங்கே என்று விசாரித்தேன். மாடிப்படி வரை வந்தேன். உன் இருமல் சத்தம் கேட்டது. ஏறவில்லை.

தெருவில், காட்சி முடிந்துவிட்டது, கூடையை உள்ளே பத்திரமாக எடுத்துவைத்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். தையற்காரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவளிடம் நான் பொய் சொன்னதே இல்லை. அவள் ரவிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

•

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உன் கடிதத்தின் அடியில் கையெழுத்து இல்லை. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன், உறைக்குள் கையை விட்டுப் பார்த்தேன், இல்லை.

அத்தான் என்னை ஒரு கேள்வி கேட்டிருந்தார். அவருக்கு நான் இதுவரை பதில் போடவில்லை. உனக்கே சொல்கிறேன்.

கூடையைப் பிரித்த அன்று நாங்கள் எல்லாரும் மேஜையைச் சுற்றி நின்றோம். மேடம் கவிழ்த்துப் பார்த்தார். வார்னிஷ் பளபளத்தது. "எந்த மகாராஜன் இதுக்கு வார்னிஷ் அடிச்சான்? ஆஸ்பத்திரிக் கூடைக்குக் கல்யாணமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா, நானும் சிரித்தேன். சும்மா உதட்டளவில் இல்லை, அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு அது என் அக்கா என்று எப்படிச் சொல்வேன்? மேடம், "யார் ரிப்பேர் பண்ணது?" என்று கேட்டார். "தெரியல மேடம், பிற்பாடு யாரோ பண்ணியிருப்பாங்கபோல" என்றேன். "முதல்ல செஞ்சது?" என்றார். அதற்கும் தெரியல என்றேன். ஒரு தெரியல சொன்னவனுக்கு அடுத்தது சுலபமாக வந்துவிட்டது. உன் மானத்தைக் காப்பாற்றத்தான் பெயரை விட்டேன் என்று அத்தானுக்கு எழுதினேன். அத்தனையும் பூசி மெழுகியது. என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, "அடப்பாவி, செஞ்சவங்களே மறுபடி பின்னினதா அது? அதை முதல்ல சொல்லியிருந்தா அந்த அடியோடவே, கவிழ்த்து வெச்சுக் காட்டியிருப்பேனே. அதுக்காகவே தனிப் பெட்டி போட்டிருப்பேனே. கடைக்காரன் எவனோ ஒட்டுப் போட்டான்னுதானே எடுக்கச் சொன்னேன்" என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை, அக்கா. "இது என் அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

சீட்டை மாற்றியாயிற்று. உன் முழுப்பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு, மேலேயே இருக்கிறது. அதன் கீழே, "இதன் அடிப்பாகத்தைச் செய்தவரே புதுப்பித்து அனுப்பினார். அதை அருங்காட்சியக ஊழியர் ஒருவர் அறியாமல் வெட்டி நீக்கினார்" என்று போட்டிருக்கிறார்கள். "அறியாமல்" என்பதை எடுத்துவிடச் சொன்னேன். "இந்த இடத்துக்கும் ஒரு மானம் இருக்குப்பா" என்று மேடம் மறுத்துவிட்டார். என்னைக் கூடத்திலிருந்து கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். அது சரிதான்.

வெட்டிய அடி என்னிடம்தான் இருக்கிறது. குப்பையில் போட மனம் வரவில்லை. என் துணிப்பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். நீ சொன்னது உண்மை, அதில் ஒரு நுனியைக்கூட என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா, அக்கா. இப்போது உன் பெயர் இருக்கிறது.

உன் தம்பி

•

ஜூலை 6

அன்பு மச்சானுக்கு,

நான் சுகம். அவளும் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்தாள். என்னிடம் கொடுத்தாள். நான் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்த உன் கடிதத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அதையும் படித்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்தா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு பிரம்பு பிளக்கப் போய்விட்டாள்.

எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருக்கிறாய். எப்படி வருவாள்? காட்சி முடிந்துவிட்டது என்று தெருவுக்கே சொல்லியிருக்கிறாளே. இப்போது இருக்கிறது என்று சொன்னால் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார்கள். பெயர் வந்த சமயத்தில் பார்க்கப் போகிற வழி அடைபட்டுவிட்டது. நான் அவளிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "பேரு இருக்கட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்கிறாள்.

தச்சர் இப்போதுதான் பெஞ்சை முடித்துக் கொண்டுவந்தார். வாசலில் கிடக்கிறது. அவள் அதில் உட்காரமாட்டேன் என்கிறாள்.

அத்தான்

•

ஆகஸ்ட் 17

இடக்கையா,

இருமல் எப்படி இருக்கிறது? கிடங்கில் தூசி அதிகமாக இருக்கும், மூக்கில் துணி கட்டிக்கொள். என் மணிக்கட்டு பரவாயில்லை, டாக்டர் பட்டை போட்டிருக்கிறார். அத்தானிடம் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் பேசிவிட்டேன்.

உனக்குப் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். தையற்காரி என்னை எழுதவைத்துவிட்டாள்.

அவள் ஜரிகை, பொத்தான் வாங்க அங்கே போயிருக்கிறாள். கடை திறக்க நேரமிருக்கிறதே, இவள் கூடை இருந்த இடத்தையாவது பார்த்துவிட்டு வருவோம் என்று உள்ளே நுழைந்திருக்கிறாள். இருந்த இடத்தை என்றாள், கவனித்தாயா? அவ்வளவு ஆசை அவளுக்கு. போனால் கூடை அங்கேயே இருக்கிறது. என் பெயர் இருக்கிறது. அடி இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே பட்டறைக்கு வந்தாள். பை தோளில் தொங்குகிறது, மூச்சு வாங்குகிறது. வாசலில் நின்றே சத்தம் போட்டாள். "முடிஞ்சிடுச்சுன்னு சொன்னியே! அங்கதானே இருக்கு! உன் பேரு எவ்ளோ பெருசா போட்டிருக்கான் தெரியுமா?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "எனக்குப் புரிஞ்சிடுச்சு. அடியை வெட்டிட்டானுங்க, அதைப் பார்த்து நீ நொந்துபோய் எங்ககிட்ட மறைச்சிட்டே" என்றாள். சொல்லிக்கொண்டே அழுதுவிட்டாள். காய்கறிக்காரரும் வாத்தியாரும் வந்துவிட்டார்கள். பெஞ்சு நிறைந்துவிட்டது.

அப்புறம் கேட்டாள், "யாரோ ஊழியர் ஒருவர் வெட்டினாராமே? எவன்டி அந்தப் படுபாவி? உன் தம்பி அங்கதானே வேலை பாக்குறான். அவன் பாத்துக்கிட்டா இருந்தான்?"

எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். அத்தானுக்கு இருமல் வந்தது.

"அன்னிக்கு அவன் லீவு" என்றேன்.

அப்படித்தான் வந்தது வாயில். யோசித்துச் சொல்லவில்லை. "அதானே பார்த்தேன், அவன் இருந்தா விட்டிருப்பானா?" என்றாள் தையற்காரி. வாத்தியாரும் தலையாட்டினார். "தங்கமான பையனாச்சே" என்றார் காய்கறிக்காரர். நான் உள்ளே போய்த் தொட்டித் தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு நின்றேன். ஊறப்போட்ட பிரம்பு எதுவும் அதில் இல்லை.

உன்மேல் எனக்கு இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. இப்போது என்மேல் வந்துவிட்டது. மேடம் முன்னால் நீ ஒரு தெரியல சொன்னாய், அடுத்தது சுலபமாக வந்தது என்று எழுதியிருந்தாயே. எனக்கும் அப்படித்தான் வந்தது. உனக்காக இரண்டு பொய் சொல்லிவிட்டேன். மூன்றாவது என்னால் முடியாது. தையற்காரி தினமும் அந்தப் படுபாவியைத் திட்டுகிறாள், நான் தினமும் கேட்டுக்கொண்டு பின்னுகிறேன். நேற்று ஒரு கூடையில் வரிசை தப்பிவிட்டது. எனக்கு, வரிசை!

நீ ஒட்டிய அந்தச் சீட்டை யோசித்துப் பார்த்தேன். இப்போது அதில் செய்தவள் பெயர் இருக்கிறது. வெட்டியவன் பெயர்தான் இல்லை. ஊழியர் ஒருவராம்! இவ்வளவு காலம் நான் நின்ற இடத்தில் இப்போது நீ நிற்கிறாய். அங்கே உன் மேடம் மானத்துக்காக விட்டுவைக்கலாம். இங்கே, என் வாசலில், நான் விட்டுவைக்க மாட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா. சட்டைகளுக்கு அடியில் வைத்திருக்கிறாயே, அந்த அடியைக் கையில் எடுத்துக்கொண்டு வா. பையில் மறைத்து எடுத்து வராதே. பெஞ்சில் எல்லாரும் இருப்பார்கள். முதலில் தையற்காரி கையில் கொடு. இதுதான் அது, வெட்டினது நான்தான் என்று சொல். நான் பக்கத்தில் நிற்பேன், ஆனால் பேசமாட்டேன். திட்டுவார்கள், வாங்கிக்கொள். முடிந்ததும் உள்ளே வந்து சாப்பிடு. அதற்கப்புறம் எல்லாரும் வண்டியில் ஏறிப் போய் என் பெயரைப் பார்த்துவிட்டு வருவோம். உன்னையும்தான் சொல்கிறேன்.

கத்தி கொண்டுவராதே. இங்கே கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்.

உன் அக்கா